எண்சாண் உடம்பும் அரைச்சாண் இடமும்

ஞாயிற்றுக்கிழமை மாலையானால் புனே நகரத்தார் பலர் கடக்வாஸ்லா அணைக்கரையில் கூடிவிடுவர். சுட்ட சோளக்கதிரும், சூடான வெங்காயப் பக்கோடாவும், ஏரிக்காற்றும் அவர்களை இழுத்து வருகின்றன. ஏரிக்கு அப்பால் தேசியப் பாதுகாப்பு அகாதமி இருக்கிறது. 1949 அக்டோபர் 6 அன்று நேரு அடிக்கல் நாட்ட, 1955 சனவரி 16 அன்று முறையாகத் திறந்து வைக்கப்பெற்ற கழகம் அது. தென்புறம் சிங்ககட் கோட்டை மலை. பார்க்க வருவோருக்கு இவை போதும். நான் அங்கே அடிக்கடி செல்வது அண்ணாச்சியைப் பார்க்க.

அண்ணாச்சி நாசரேத் பக்கத்துக்காரர். முப்பதாண்டுகளுக்கு முன் புனேக்கு வந்து, கடக்வாஸ்லாவில் ஒரு மளிகைக்கடை வைத்தார். குல்டேக்டி மார்க்கெட்டில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் மூட்டையாக வாங்கி, ஏரிக்கரையோரமாகப் பான்ஷேத் போகும் சாலையில் உள்ள ஊர்க்கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். அவருடைய வண்டி ஒரு பழைய ஜீப்பு. பட்டாளத்தில் கழித்து, ஏலத்தில் விட்டு, இரண்டு மூன்று கை மாறி அவரிடம் வந்தது. ஊரைவிட்டு வந்த என்னைப் போன்ற மாணவருக்கு அவர் கடைதான் தாய்வீடு. கருப்பட்டிக் காப்பி அங்கேதான் கிடைக்கும்.

அவருக்குத் தீராத முதுகுவலி. சாலையிலிருந்து திரும்பியதும் ஜீப்பின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் குனிந்தே நிற்பார், பிறகுதான் நிமிர்வார். அதைக் காணப் பொறாமல், சென்ற தீபாவளிக்கு என் உதவித்தொகைப் பணத்தில் நான்கு அங்குலக் கனமுள்ள ஃபோம் மெத்தை ஒன்றை வாங்கி, அவர் இருக்கையில் போட்டேன். இரண்டு வாரம் கழித்துச் சென்றபோது மெத்தை கடையின் மூலையில் கிடந்தது. அதன்மேல் பூனை படுத்திருந்தது.

“தம்பி, மெத்தை மெத்துனுதான் இருக்கு. குறை சொல்லல. ஆனா முன்னெல்லாம் வண்டி ஒருக்கா குதிச்சா நானும் ஒருக்காதான் குதிப்பேன். இப்போ வண்டி ஒருக்கா குதிச்சா நான் ரெண்டு தடவைலா குதிக்கேன்!” என்றார் அண்ணாச்சி.

நான் இயற்பியலில் முதுகலை படிப்பவன். அலைவுகளைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவன். அண்ணாச்சி ஒரே வாக்கியத்தில் சொன்னது என் பாடநூலில் ஒரு முழு அதிகாரம் என்பது அறைக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது. மெத்தென்றிருப்பது எப்படி வலியை மிகுவித்தது? பட்டாளத்து ஜீப்பில் ஓட்டுபவனுக்கு ஏன் இவ்வளவு குறைவாக இடம் விட்டார்கள்? தனித்தனியாகத் தோன்றும் இவ்விரு கேள்விகளும் உண்மையில் ஒன்றே என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சண்டைக்குப் பிறந்த வண்டி

ஜீப்பின் பிறப்பு அவசரப் பிறப்பு. 1940 ஆம் ஆண்டின் நடுவில், ஐரோப்பாவில் போர் மூண்டிருந்த வேளையில், அமெரிக்கத் தரைப்படை 135 கம்பெனிகளுக்கு ஓலை அனுப்பியது. நான்கு சக்கரமும் இழுக்கக்கூடிய சிறு வண்டி வேண்டும். எடை 1,300 பவுண்டுக்கு, அதாவது 590 கிலோவுக்கு மேற்படலாகாது. மாதிரி வண்டி 49 நாளில் வந்து சேர வேண்டும் என்பன நிபந்தனைகள். அமெரிக்கன் பாண்டம் என்னும் சிறு கம்பெனி, கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரைக் கொண்டு அவ்வாண்டு செப்டம்பர் 23 அன்று தன் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு ஆகிய கம்பெனிகளும் களத்தில் இறங்கின. போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் பிறந்துவிட்டன.

அந்த 590 கிலோ என்பது யாராலும் கைக்கொள்ள முடியாத கனவு. இறுதியில் வில்லிஸ் ஜீப்பு ஏறத்தாழ 1,100 கிலோ எடையில் நின்றது. ஆயினும் அந்தக் கனவு வண்டியின் ஒவ்வோர் அங்குலத்திலும் தன் முத்திரையைப் பதித்துவிட்டது. எடையைக் குறைக்க வேண்டுமானால் நீளத்தைக் குறைக்க வேண்டும். பகைவன் கண்ணில் படாதிருக்க உயரத்தைக் குறைக்க வேண்டும். கப்பலில் அடுக்க அகலத்தைக் குறைக்க வேண்டும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம். அகலம் 62 அங்குலம். முன்கண்ணாடியை மடக்கிவிட்டால் உயரம் 52 அங்குலம். இந்தச் சின்னஞ்சிறு பெட்டிக்குள் எஞ்சின், கியர்ப்பெட்டி, நான்கு சக்கரத்துக்கும் விசை பிரிக்கும் இரண்டாவது பெட்டி, பெட்ரோல் தொட்டி, நான்கு ஆட்கள், ஆயுதம் எல்லாம் அடங்க வேண்டும்.

மிச்சம் யாருக்கு?

நம் வீடுகளில் பந்தி முடிந்தபின் கடைசியில் அமரும் தாய்க்கு அடிச்சோறு கிடைப்பது போல, ஜீப்பிலே கடைசியில் பங்கு பெற்றவன் ஓட்டுபவன். முதலில் எஞ்சின் தன் இடத்தை எடுத்துக்கொண்டது. அடுத்து இரு பெட்டிகளும் தரையின் நடுவே மேடாக எழுந்து நின்றன. அம்மேட்டிலிருந்து மூன்று கம்பிகள் முளைத்தன: ஒன்று கியருக்கு, ஒன்று முன்சக்கர இழுப்புக்கு, மற்றொன்று மலையேற்றத்துக்கான தாழ்ந்த வேகத்துக்கு. எஞ்சிய குறுகிய பள்ளத்தில் மூன்று மிதிகள். கிளச்சை மிதித்து முடித்த இடக்காலை நீட்டி வைக்க ஓரிடம் இல்லை. உயரமானவனின் முழங்காலோ ஸ்டீயரிங்கைப் போய்த் தொடும். கதவு கிடையாது; வெளியே விழாதிருக்க ஒரு பட்டைவார் மட்டும் உண்டு.

பெட்ரோல் தொட்டியை எங்கே வைப்பது? மூலைமுடுக்கெல்லாம் தேடிப் பார்த்தவர்கள் கடைசியில் ஓட்டுபவனின் இருக்கைக்கு அடியிலேயே வைத்துவிட்டார்கள். 15 அமெரிக்க காலன், அதாவது சுமார் 57 லிட்டர் பெட்ரோலின் மேல் அவன் அமர்ந்து ஓட்டினான். எண்ணெய் ஊற்ற வேண்டுமானால் எழுந்து நின்று, இருக்கைத் திண்டைத் தூக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். இந்தத் தொட்டியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். அண்ணாச்சியின் முதுகுவலிக்கு மூலகாரணம் அங்கேதான் பதுங்கியிருக்கிறது.

வடிவமைத்தோரை நான் பழிக்க வரவில்லை. அவர்கள் செய்தது ஒரு பேரம். போர்முனையில் இருபது வயது இளைஞன் சில மணி நேரம் ஓட்டுவான், இறங்கிவிடுவான். வண்டியின் ஆயுளும் சிறிது. அந்நிலையில் அவன் முதுகைக் கொடுத்து வண்டியின் வேகத்தையும் சிறுமையையும் வாங்கிக்கொண்டது நியாயமான பேரமே. போர் முடிந்தபின்னும் அப்பேரத்தை மறுபடி எண்ணிப் பார்க்காமல் நீட்டித்ததுதான் கேள்விக்குரியது.

நம் நாட்டில்

நம் நாட்டில் மகிந்திரா கம்பெனி 1947 இல் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பின்னர் இங்கேயே செய்யப்பட்ட ஜீப்பில், உயரமான புதிய எஞ்சினுக்கு இடம் விடுவதற்காகப் பானெட்டை உயர்த்தினார்கள். எஞ்சினுக்கு இடம் போதாதென்றால் தகட்டை உயர்த்தினார்கள்; ஆளுக்கு இடம் போதாதென்று எதையும் உயர்த்தவில்லை. அந்த உருவம் பல பத்தாண்டுகள் நம் சாலைகளில் ஓடியது.

படைக்கென்றே ஜபல்பூரில் வண்டிகள் பிறந்தன. ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தில் 1959 இல் வெளிவந்த ‘சக்திமான்’ லாரியை நம்மில் பலர் சாலைகளில் அணிவகுத்துச் செல்லக் கண்டிருப்போம். ஜப்பானிய நிசான் பட்ரோலைத் தழுவிய ‘ஜோங்கா’வும் அந்நகரத்ததே. ‘ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன்கேரேஜ் அசெம்பிளி’ என்பதன் முதலெழுத்துகளே அப்பெயர். ஏறத்தாழ நான்கு லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சின் கொண்ட அவ்வண்டி 1999 வரை செய்யப்பட்டது. 1991 முதல் மாருதி ஜிப்ஸி படையில் சேர்ந்தது. அச்சிடை நீளம் 2,375 மில்லிமீட்டர் ஆகியும், அகலம் 1,540 மில்லிமீட்டர்தான். அதாவது 1941 இன் ஜீப்பைவிட ஏறத்தாழ இரண்டு விரலகலம் இன்னும் குறுகலானது!

லாரிகளிலும் இதே வழக்கு வேறு உருவில் நடந்தது. சக்திமான் மூக்கு நீண்ட வண்டி. எஞ்சின் முன்னே நிற்பதால் ஓட்டுநர் அறையின் நடுவில் பெரிய மேடு இல்லை. ஆனால் மூக்கு தின்ற நீளம் சரக்குக்கு நட்டம், வளைவில் பார்வைக்கும் நட்டம். அதன் இடத்திற்கு வந்த, நம் சென்னை அசோக் லேலண்டின் ‘ஸ்டாலியன்’ மூக்கில்லாத வண்டி. சரக்குக்கு இடம் கூடிற்று; சாலை நன்கு தெரிகிறது. ஆனால் எஞ்சின் ஓட்டுநரின் அறைக்கு அடியிலேயே வந்து அமர்ந்து வெப்பம் வீசும். ஓட்டுநரும் முன் அச்சுக்கு மேலேயே அமர்வதால் ஒவ்வொரு பள்ளமும் நேராக அவர் உடம்பில் வந்து முட்டும். இடத்தை ஒரு பக்கம் கூட்டினால் மறுபக்கம் குறைகிறது. குறையும் பக்கத்தில் மட்டும் எப்போதும் ஓட்டுபவரே நிற்கிறார்.

வினாடிக்கு நான்கு

இனி அதிர்வுக்கு வருவோம். ஊஞ்சலை எல்லாரும் ஆட்டியிருப்போம். ஒவ்வோர் ஊஞ்சலுக்கும் தனக்கென ஓர் இயல்பான ஆட்டம் உண்டு. அந்தத் தாளத்திற்கு ஒத்துத் தள்ளினால் சிறுபிள்ளை கை பட்டாலும் ஊஞ்சல் உயரே எழும். தாளம் தப்பித் தள்ளினால் பயில்வான் தள்ளினாலும் எழாது. இதனை ஒத்ததிர்வு என்கிறோம்.

மனித உடம்பும் ஓர் ஊஞ்சலே. அமர்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்பு, வயிறு, நெஞ்சு ஆகிய எல்லாம் சேர்ந்து மேலும் கீழுமாக வினாடிக்கு ஏறக்குறைய ஐந்து தடவை ஆட விரும்புகின்றன. ஆகையால் வினாடிக்கு நான்கு முதல் எட்டு வரையிலான செங்குத்து அதிர்வே உடம்பை மிகுதியாக வருத்துகிறது. 1974 இல் முதன்முதலாக வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 2631 என்னும் உலகத் தர அளவு, இந்தப் பகுதி அதிர்வுக்கே மிகுந்த கனம் கொடுத்துக் கணக்கிடுகிறது. 2002 இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே சென்று, எட்டு மணி நேர வேலையில் தொழிலாளியின் உடம்பு எவ்வளவு அதிர்வைத் தாங்கலாம் என்பதற்குச் சட்டத்தாலேயே வரம்பு கட்டியது.

இப்போது ஜீப்பைப் பார்ப்போம். பான்ஷேத் சாலையிலிருந்து பிரிந்து ஊர்களுக்குப் போகும் மண்பாதையில் இரண்டு மீட்டருக்கு ஒரு மேடு இருப்பதாகக் கொள்வோம். வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர் போகிறது. அதாவது வினாடிக்கு 8.3 மீட்டர். ஆகவே வினாடிக்கு நான்கு மேட்டுக்குச் சற்று மேல். ஜீப்பின் அச்சிடை நீளமும் 80 அங்குலம், அதாவது ஏறத்தாழ இரண்டு மீட்டர்தான். எனவே முன்சக்கரம் ஒரு மேட்டில் ஏறும் அதே நொடியில் பின்சக்கரம் பின்னுள்ள மேட்டில் ஏறுகிறது. வண்டி முழுவதும் ஒன்றாகத் தூக்கிப் போடப்படுகிறது. உடம்பு எந்தத் தாளத்திற்கு அஞ்சுகிறதோ, அதே தாளத்தை மண்பாதை தட்டிக்கொடுக்கிறது!

கமான் பட்டைகள் இதனைத் தடுக்கவில்லையா? அவை சுமைக்கென்று செய்யப்பட்டவை. இங்கே ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு வில்லின்மேல் பாரத்தை வைத்தால் அது எத்தனை சென்டிமீட்டர் அமுங்குகிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் ஐந்தை வகுத்தால், அது வினாடிக்கு எத்தனை தடவை ஆடும் என்பது கிடைக்கும். 25 சென்டிமீட்டர் அமுங்கினால் வினாடிக்கு ஓர் ஆட்டம். இது சொகுசுக்காரின் தன்மை. ஆறேகால் சென்டிமீட்டர் அமுங்கினால் இரண்டு ஆட்டம். மூட்டை ஏற்றாத ஜீப்பின் பட்டைகள் இன்னும் குறைவாகவே அமுங்கும். ஆகையால் இன்னும் வேகமாக ஆடும். மேலும் பட்டைகளுக்கிடையே துருவும் மண்ணும் சேர்ந்து இறுகிவிட்டால், சிறு மேடுகளுக்கு அவை அசைவதே இல்லை. வண்டி டயரின் காற்றின்மேல் மட்டும் குதிக்கிறது.

மெத்தையின் துரோகம்

நான் வாங்கிக் கொடுத்த மெத்தைக்கு இப்போது வருவோம். எந்த வில்லும் தன் இயல்பான ஆட்டத்தைப் போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட வேகமான அதிர்வைத்தான் குறைக்கும். அதற்குக் கீழே வரும் அதிர்வைக் குறைப்பதற்கு மாறாகப் பெருக்கும். சாதாரண ஃபோம் இருக்கைகளை அளந்தவர்கள், ஆள் அமர்ந்த நிலையில் அவற்றின் இயல்பான ஆட்டம் வினாடிக்கு நான்கு அளவில் இருக்கக் கண்டிருக்கிறார்கள். நான்கை 1.4 ஆல் பெருக்குங்கள்: 5.6 வருகிறது. அதற்கு மேற்பட்ட கடகடப்பை மெத்தை விழுங்கும். அதனால் கடையில் அழுத்திப் பார்க்கும்போதும், தார்ச்சாலையில் போகும்போதும் சுகமாக இருக்கும். ஆனால் மண்பாதையின் வினாடிக்கு நான்கு என்னும் குதிப்பை அது பெரிதாக்கித் தரும். வண்டி ஒருக்கா, அண்ணாச்சி ரெண்டு தடவை! அவர் கணக்கு பொய்க்கவில்லை.

அது மட்டுமா? நான்கு அங்குல மெத்தை அவரை மேலே தூக்கிவிட்டது. தொடை ஸ்டீயரிங்கின் அடிவிளிம்பில் இடித்தது. கிளச்சை எட்ட அவர் இருக்கையின் நுனிக்கு நகர்ந்தார். முதுகுச் சாய்வு பயனற்றுப் போயிற்று. கூடாரக் கம்பி தலைக்கு மேல் ஒரு கையகலத்துக்கு வந்துவிட்டது. சொகுசை வாங்கினேன் என்று எண்ணி, அவருடைய இடத்தை நான் விற்றுவிட்டேன்.

அரைச்சாண்

அப்படியானால் சரியான இருக்கை எது? அதுவும் நம் எளிய கணக்கிலேயே கிடைக்கிறது. வினாடிக்கு நான்கு என்னும் குதிப்பைக் குறைக்க வேண்டுமானால், இருக்கையின் சொந்த ஆட்டம் வினாடிக்கு ஒன்றரையளவில் இருக்க வேண்டும். அப்போது வினாடிக்கு இரண்டுக்கு மேற்பட்ட அதிர்வெல்லாம் குறையத் தொடங்கும். ஒன்றரை ஆட்டத்திற்கு வில் எவ்வளவு அமுங்க வேண்டும்? 11 சென்டிமீட்டர். அதாவது, அரைச்சாண்.

இக்காலத்து லாரிகளிலும் டிராக்டர்களிலும் இருக்கைக்கு அடியில் கத்தரிக்கோல் போன்ற சட்டமும், வில்லும் அல்லது காற்றுப்பையும், குதிப்பை அடக்கும் ஒரு ஷாக் அப்சார்பரும் வைத்திருப்பதைக் காணலாம். அவற்றின் இரகசியமெல்லாம் அந்த அரைச்சாண் ஏற்ற இறக்கம்தான். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இருக்கைக்கு அடியில் இடம் வேண்டும், அவ்வளவே.

ஜீப்பில் இருக்கைக்கு அடியில் என்ன இருக்கிறது? பெட்ரோல் தொட்டி!

இங்கேதான் நம் இரண்டு கேள்விகளும் கைகோத்துக்கொள்கின்றன. ஓட்டுபவனின் வசதி என்பது பஞ்சும் பட்டும் அன்று, அது இடம். எந்த அரைச்சாண் அவன் முதுகைக் காத்திருக்குமோ, அந்த அரைச்சாணை 1940 இன் அவசரத்தில் தொட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன்பின் அதன்மேல் எத்தனை மெத்தை போட்டாலும் போன இடம் திரும்பி வராது.

அகலம் இருந்தால் போதுமா?

வண்டியைப் பெரிதாக்கிவிட்டால் தீர்ந்ததே என்று சிலர் எண்ணலாம். 1980களில் அமெரிக்கப் படை ஜீப்பைக் கைவிட்டு ‘ஹம்வீ’யை ஏற்றது. அதன் அகலம் ஏழடிக்கும் மேல். ஆயினும் உள்ளே அமர்ந்தவர்கள் இடம் போதவில்லை என்றே முறையிட்டார்கள். காரணம் யாதெனில், தரையிலிருந்து வயிற்றுப்புறம் 16 அங்குலம் உயர்ந்து நிற்க வேண்டுமென்று, எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு விசை செலுத்தும் உறுப்புகளையெல்லாம் மேலே தூக்கி ஆட்கள் அமரும் அறைக்குள் நுழைத்துவிட்டார்கள். நடுவில் ஒரு பெருமேடு. இருபுறமும் இரண்டு ஒடுங்கிய சந்து. ஏழடி அகல வண்டியில் நாலு பேர்!

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. ஜெர்மனியில் 1948 முதல் செய்யப்பட்ட ‘யூனிமாக்’ முதலில் உழவனுக்கென்று எண்ணப்பட்ட வண்டி. பிற்பாடு பல நாட்டுப் படைகளும் அதை வாங்கின. உழவன் நாள் முழுதும் அதில் அமர்வான் என்பதைத் தொடக்கத்திலேயே எண்ணினார்கள். கமான் பட்டைக்கு மாறாக, நீள அமுங்கும் சுருள் வில்களைப் போட்டார்கள். கரடுமுரடான நிலத்தில் போகும் வண்டி, ஓட்டுபவனை அடித்துத்தான் ஆக வேண்டும் என்னும் விதி இல்லை. வரைபடத்தில் ஆளை எப்போது வரைகிறோம் என்பதுதான் கேள்வி: முதலிலா, கடைசியிலா?

யாருடைய அளவு?

ஆளை முதலில் வரைவதென்றால் எந்த ஆளை? சராசரி ஆளை என்று சொல்லத் தோன்றும். அங்கும் ஒரு கண்ணி இருக்கிறது. 1950 இல் அமெரிக்க விமானப்படை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகளின் உடம்பை அளந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் அதிகாரி அவ்வளவுகளில் பத்தை எடுத்துக்கொண்டார்: உயரம், நெஞ்சளவு, கைநீளம் முதலானவை. ஒவ்வொன்றிலும் நடுவில் உள்ள முப்பது விழுக்காட்டினரைச் சராசரி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டார். பத்திலும் சராசரியாக அமைந்தவர் எத்தனை பேர்? 4,063 பேரில் ஒருவர்கூட இல்லை! சராசரி மனிதனுக்கென்று செய்யும் இருக்கை எவருக்கும் பொருந்தாது என்பதை 1952 இல் அவர் எழுதிய அறிக்கை மெய்ப்பித்தது. அதன்பிறகே முன்னும் பின்னும், மேலும் கீழும் நகரும் இருக்கைகளுக்கு மதிப்பு வந்தது.

நம் நாட்டிலும் இவ்வேலை நடைபெறாமல் இல்லை. 1997 இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம், இந்தியர் உடலளவுகளைத் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டது. தேப்குமார் சக்ரவர்த்தி ஆக்கிய நூல் அது. ஆனால் அதற்கு ஐம்பதாண்டுகளுக்கு முன்னரே நம் ஓட்டுநர்கள் அயல்நாட்டு இளைஞனுக்கென்று வரைந்த வண்டியில் அமர்ந்துவிட்டார்கள். சட்டைக்கு அளவெடுக்கும் நாம், பத்து மணி நேரம் அமரும் இருக்கைக்கு அளவெடுக்க இவ்வளவு காலம் பிடித்தது வியப்பே.

காலம் மெல்ல மாறுகிறது. 2025 அக்டோபர் 1 முதல் செய்யப்படும் நடுத்தர, கனரகச் சரக்கு லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் விதி வகுத்தது. ஓட்டுநரின் வியர்வையும் பொறியியலில் ஒரு கணக்கு என்று ஏட்டில் ஏறியது நல்ல தொடக்கம். பழைய ஜீப்பு வைத்திருக்கும் அண்ணாச்சி போன்றோருக்கு அவ்விதி எட்டாது என்பதையும் மறக்கலாகாது.

அண்ணாச்சியின் ஜீப்பு

மெத்தை வாங்கிக் கொடுத்த பாவத்திற்குப் பரிகாரம் தேட வேண்டியிருந்தது. தொட்டியை நகர்த்துவது எங்களால் ஆகாத காரியம். ஆகவே ஆவதைச் செய்தோம். கடக்வாஸ்லாவிலுள்ள பட்டறை ஒன்றில் கமான் பட்டைகளைக் கழற்றித் துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவிப் பூட்டச் செய்தோம். உயிர்போன ஷாக் அப்சார்பர்களை மாற்றினோம். மூட்டைக்காக அளவுக்கு மீறி அடித்து வைத்திருந்த டயர்க் காற்றை உரிய அளவுக்கு இறக்கினோம். இருக்கையின் கால்களுக்குப் புதுத் துளை போட்டு இரண்டு அங்குலம் பின்னே தள்ளினோம். நான்கு அங்குல மெத்தைக்கு மாறாக இரண்டு விரற்கனத்தில் இறுகிய ஃபோமும், இடுப்பின் வளைவில் ஒரு சிறு திண்டும் வைத்தோம். செலவில்லாத மருந்து ஒன்றையும் சொன்னேன்: அந்த மண்பாதையில் மட்டும் முப்பதில் போகாமல் இருபதில் போங்கள். அப்போது வினாடிக்கு நான்கு என்பது மூன்றுக்கும் கீழே இறங்கிவிடும்.

இரண்டு வாரம் கழித்துச் சென்றேன். வண்டியிலிருந்து இறங்கினார், பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தார், நான் மனத்துக்குள் எண்ணினேன். முன்னைவிடச் சீக்கிரம் நிமிர்ந்தார்.

“எப்படி இருக்கு அண்ணாச்சி?”

“அந்த ரெண்டாவது குதி போயிட்டு தம்பி. முதக் குதி இருக்கத்தான் செய்யுது” என்றார்.

முப்பதாண்டு வலியை ஒரு குப்பிக் கிரீஸ் நீக்கிவிடாது என்பதை நான் அறிவேன். வைத்தியரிடம் போகச் சொல்லி அவரை இன்னும் நச்சரித்து வருகிறேன். ஆனால் அன்று அவர் அடுத்துச் சொன்னதுதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. வரும் ஆண்டு முதல் வண்டியை அவருடைய மகன் ஓட்டப்போகிறான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன். தந்தையைவிட ஒரு சாண் உயரம். “எனக்குச் சரியா வச்சிட்டிய. அவனுக்கு இது எட்டுமா, இடிக்குமா?” என்று கேட்டார்.

என்னிடம் உடனே விடை இல்லை. கடையிலிருந்த அளவு நாடாவை எடுத்து, அவனைச் சுவரோரம் ஸ்டூலில் அமர வைத்து, முழங்கால் உயரம், தொடை நீளம், தோள் உயரம், கை எட்டும் தூரம் என்று ஒவ்வொன்றாக அளந்து மளிகைச் சிட்டையின் பின்புறம் குறித்துக்கொண்டேன். எதற்கென்று புரியாமல் அவன் சிரித்தான். அறிவியல் பயிலும் நண்பர்களே, நம்மில் சிலர் நாளை வண்டியோ, இயந்திரமோ, ஆலையோ வரையப் போகிறவர்கள். முதற்கோட்டை இழுக்கும் முன் ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு, அதில் அமரப்போகிறவனிடம் போவோமாக. அந்த அரைச்சாணை அவனுக்கென்று முதலில் ஒதுக்கி வைப்போம்; தொட்டிக்கு வேறிடம் தேடிக்கொள்ளலாம்.